பொறுப்பு முதல்வர் ஊர் எல்லையைத் தாண்டவில்லை

போலீஸ்காரர் இரும்புத் தடுப்பை இழுத்துப் போடுவதற்குள் ஸ்கூட்டரை உள்ளே விட்டுவிட்டாள். பின்னால் விசில் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் போகும் சாலை விடியும்போதே நிரம்பியிருந்தது. பலூன் வண்டி, கரும்புச்சாறு வண்டி, பால்குடம் தூக்கிய பெண்கள், தோளில் பிள்ளைகளை உட்காரவைத்த ஆண்கள். அவள் ஹாரனிலிருந்து கட்டை விரலை எடுக்கவேயில்லை.

"யம்மா, நாங்களும் தேருக்குத்தான் போறோம். நீ போனாத்தான் வடம் நகருமா?" என்றார் ஒருவர்.

"தேருக்கு இல்லண்ணா. பரீட்சைக்கு ஆள் கூப்பிடப் போறேன்."

"தேர் அன்னிக்குப் பரீட்சையா? எவன் வெச்சான் அத?"

அவள் வண்டியை முறுக்கினாள். வைத்தது அவள்தான்.

மதகடிப்பட்டில், உரக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் மேலே இரண்டு மாடிகளில் நடக்கிற சமுதாயக் கல்லூரியின் முதல்வர் வைஜெயந்தி. ஐம்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறையும். செய்முறைத் தேர்வுக்கு ஏற்ற மூன்று தேதிகளைப் பல்கலைக்கழகம் ஜூன் மாதத்தில் கேட்டது. அறையில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்து எழுதி அனுப்பினாள். அது கண்டமங்கலத்து மளிகைக்கடை கொடுத்த காலண்டர். அதே சாலையில்தான் கண்டமங்கலம் இருக்கிறது, ஆனால் தமிழ்நாடு. வீராம்பட்டினம் தேருக்குப் புதுச்சேரியில் விடும் உள்ளூர் விடுமுறை அந்தக் காலண்டரில் இருக்காது. மூன்றில், தேர் ஓடும் ஆடி ஐந்தாம் வெள்ளியைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது. அந்தத் தகவல் இந்தத் திங்கட்கிழமைதான் வந்தது.

புதன்கிழமை விடுமுறைச் சுற்றறிக்கை வந்தபோதும் அவளுக்கு உறைக்கவில்லை. கீழே கடைகள் மூடியிருக்கும், கட்டிடம் அமைதியாக இருக்கும், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். அவள் பிறந்தது வீராம்பட்டினத்தில்.

வியாழக்கிழமை மாலை ரஞ்சனி என்ற மாணவி வந்து சொன்னாள்: "அனுப்பிரியா வரமாட்டா மேடம்."

அனுப்பிரியாவுக்கு இது கடைசி வாய்ப்பு. லேப் டெக்னீஷியன் படிப்பைச் சேர்ந்த நான்கு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். செய்முறையில் முதல் தடவை அக்காவின் பிரசவம், ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டாம் தடவை வந்தாள், ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. இன்றைக்கும் போகாவிட்டால் படித்ததற்கு ஒரு காகிதமும் கிடையாது.

*

அனுப்பிரியாவின் அம்மா தையலம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அங்கே வைஜெயந்தியை அடிக்கடி பார்ப்பவள். தராசை நிறுத்தி மகளின் படிப்பைப் பற்றிக் கேட்பாள்.

"வா டீச்சர். தேர் பாக்க வந்தியா? கூழு ஊத்தட்டுமா?"

"அனு எங்க?"

"குளிக்குது."

"நேத்துலேர்ந்து போன் பண்றேன். ஏன் எடுக்கல?"

"சார்ஜ் இருந்தாத்தான எடுக்க? வூட்ல இருக்கிற எல்லா பிளக்குலயும் சீரியல் லைட்டு."

அனுப்பிரியா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். வைஜெயந்தியைப் பார்த்ததும் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டாள். இழுப்பதற்குள் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள்.

காப்பு கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வைஜெயந்திக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"யாரு கட்டிக்கச் சொன்னது?"

"நானாத்தான் மேடம். கொடியேத்தத்தன்னிக்கு."

"எதுக்கு?"

அனுப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பிராக்டிகல்ல பாஸாவணும்னு."

தையலம்மாள் சிரித்துவிட்டாள். வைஜெயந்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப தேதி வரலியே டீச்சர். இவளுக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

"திங்கக்கிழமை குரூப்ல போட்டேன். அன்னிக்கே ஏன் சொல்லல நீ?"

"சொன்னா நீங்க வருவீங்க. வந்தா வரமுடியாதுன்னு உங்க மூஞ்சப் பாத்துச் சொல்லணும். அதான்."

வைஜெயந்தி வாசலிலேயே நின்று தேர்வாளருக்குப் போன் செய்தாள். ஹரிஹரன் விழுப்புரத்துக்காரர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். காரில் வந்துகொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு கேண்டிடேட். நாளைக்கோ திங்கக்கிழமையோ வெச்சுக்கலாமா?"

"மேடம், மதியம் எனக்கு டியூட்டி. நாளைக்கு ஊர்ல இல்ல. திங்கக்கிழமை மார்க்கு ஏத்தியாவணும். இது உங்க ஊர் லீவு, எனக்கு வேலை நாள். தேதி குடுத்ததும் நீங்கதான்."

"ஆமா சார்."

"பதினோரு மணி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் ஆப்சென்ட் போட்டுருவேன். தப்பா நெனைக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தாள். கோயில் பக்கம் மேளம் ஆரம்பித்திருந்தது.

*

அவள் முதல்வரான வழி நேரானதல்ல. அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவள். பிளஸ் டூவில் இயற்பியல் போயிற்று. மறுதேர்வுக்கு இரண்டு தடவை பணம் கட்டி இரண்டு தடவையும் போகவில்லை. ஒருமுறை மீன்பாடு அதிகம் என்று அம்மா நிறுத்திக்கொண்டாள். இன்னொரு முறை பஸ் போய்விட்டது. திரும்பி வந்து போர்த்திப் படுத்துவிட்டாள். ஏன் போகவில்லை என்று யாரும் வந்து கேட்கவில்லை. மூன்றாம் தடவை போனாள், எழுதினாள், தேறினாள். ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

புதுச்சேரி நகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டியூப் கழுவும் வேலை கிடைத்தது. கழுவிக்கொண்டே டிப்ளமா, பிறகு அஞ்சல் வழியில் இரண்டு பட்டங்கள். சமுதாயக் கல்லூரி ஆரம்பித்தபோது லேப் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டாள். அந்தச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்க வேறு யாரும் வராததால் ஆசிரியை ஆக்கினார்கள். இருந்த முதல்வர் துபாய் போனபோது ஒரு மாதத்துக்குப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். முனைவர் பட்டம் இல்லாததால் கதவில் இருக்கும் பலகையில் 'முதல்வர் (பொறுப்பு)' என்றுதான் இருக்கிறது.

தோற்கிற பிள்ளை கிடையாது, வராத பிள்ளைதான் உண்டு. இது அவள் நம்பிக்கை. கூட்டங்களில் சொல்லமாட்டாள், செய்வாள். மூன்று நாள் ஒரு பெயர் வருகையில் இல்லையென்றால் ஸ்கூட்டரை எடுத்துவிடுவாள். சுத்துக்கேணியில் கரும்பு வெட்டிலிருந்து ஒருவனை, பாகூரில் ஏரிக்கரைச் சாராயக்கடை வாசலிலிருந்து ஒருவனை, நிச்சயதார்த்தப் பந்தலிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்திருக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் வாரண்ட் மேடம். அப்படி வந்தவர்களில் பலர் தேறினார்கள். தேறியவர்களில் சிலர் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அதைப் பற்றி அவளிடம் கேட்டால், "கையில காகிதம் இருக்குதில்ல?" என்பாள். கேட்டவர் போன பிறகு வெகுநேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

வில்லியனூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஏகநாதனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சாதி வேறு. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஊருக்கு வருவது மட்டும் குறைந்தது, அப்பா அம்மா போன பிறகு நின்றது.

*

"ஒரு வழி இருக்குது" என்றாள் தையலம்மாள். "எங்க நாத்தனாருக்குத் திருவிழா நடுவுல இடுப்பு வலி வந்திடுச்சு. அவ காப்ப அவ அக்கா மாத்திக் கட்டிக்கிட்டா. பூசாரி ஒத்துக்கிட்டாரு."

"அப்ப நீ மாத்திக்கோ."

தையலம்மாள் தன் கையை நீட்டினாள். அதிலும் மஞ்சள் கயிறு. "இது எம் புள்ளயோட படகுக்கு. ஒரு கையில ரெண்டு வேண்டுதல் ஆவாது. இந்த ஊர்ல பொறந்தவளா இருக்கணும், வெறுங்கையா இருக்கணும். இந்தத் தெருவுல வெறுங்கை எது சொல்லு?"

மூவரும் ஒரே நேரத்தில் வைஜெயந்தியின் கையைப் பார்த்தார்கள். சாவி சுழல்வது நின்றது.

"நீ இந்த ஊருதான டீச்சர்?"

"ஐஸ் கம்பெனி இருக்குதில்ல, அங்கதான் எங்க வூடு இருந்துது."

"ஆனா உன்னால முடியாது. தெப்பம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமைதான் அவுப்பாங்க. நீ என் கடையில கால் கிலோ சங்கரா நிறுக்குற வரைக்குமே நிக்க மாட்ட."

"பரீட்சை எடத்துல நான் இருக்கணும்மா. நான்தான் அங்க பொறுப்பு."

"அப்ப வுடு. ஆத்தா பாத்துக்கும்."

"ஆத்தாவா வந்து ரத்தம் எடுக்கும்?"

தையலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அனுப்பிரியா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

தேர்வு அறையில் வைஜெயந்தி இருக்கவேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கைநடுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கத் தன் கையைத்தான் கொடுப்பாள். மெலிந்த கை, நரம்பு பச்சையாகத் தெரியும். இன்றைக்கு அது கௌதமுக்கு என்று பேசி வைத்திருந்தாள். சுத்துக்கேணிக்காரன். ஊசியை எடுத்தாலே வியர்ப்பவன். ஒரு மாதமாக அவள் கையில் குத்திக் குத்திப் பழகியவன்.

கௌதமுக்கு நவம்பரில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அனுப்பிரியாவுக்கு இல்லை. இதைக் கணக்கிட அதிக நேரம் ஆகவில்லை. கணக்கிட்ட பிறகும் தெருவை ஒருமுறை நடந்தாள். பிறகு லேப் ஆசிரியர் தங்கராசுவைக் கூப்பிட்டாள்.

"தங்கராசு, இன்னிக்கு நீதான் பாத்துக்கணும். நான் வரல."

"மேடம், வெளையாடாதீங்க."

"அனு வர்றா. ரஞ்சனி அவளுக்குக் கை குடுக்கட்டும். கௌதமுக்கு நீ குடு."

"என் கையா? என் நரம்பு எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது மேடம்."

"குடு."

பூசாரி தேருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். மறுக்கவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. அனுப்பிரியாவின் கயிற்றை அவிழ்த்து வைஜெயந்தியின் கையில் கட்டினார்.

"யார் பேருக்கு வேண்டுதலோ அதேதான். மாத்தி வேண்டிக்கக் கூடாது. சாலையில தோரண வளைவு இருக்குது பாருங்க, அதுதான் எல்லை. அந்தாண்ட கால் வெக்காதீங்க."

"செல்போன்ல பேசலாமா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பேசும்மா."

"வண்டி ஓட்டுவியாடி?" என்று அனுப்பிரியாவிடம் கேட்டாள்.

"ஓட்டுவேன் மேடம். லைசென்ஸ் இல்ல."

வைஜெயந்தி ஹெல்மெட்டை அவள் தலையில் அழுத்தினாள். "வண்டிங்களுக்கு நடுவுல கட்டிங் அடிச்சுப் போவாத. வில்லியனூர்ல ரயில்வே கேட்டு போட்டிருந்தா எறங்கி நில்லு, அடியில பூராத. ஊசிய முப்பது டிகிரில புடி. மொதல் தடவ கெடைக்கலன்னா எடுத்துட்டு இன்னொரு எடம் பாரு. உள்ளயே நோண்டாத."

"சரி மேடம்."

"போ. நிக்காத."

*

வளைவு வரைக்கும் வண்டியோடு நடந்து போனாள். அனுப்பிரியா எதிரே வந்த கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் காணாமல் போனாள். வைஜெயந்தி வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தத் தூணிலிருந்து இந்தத் தூணுக்கு நடந்தாள். திரும்ப நடந்தாள்.

"யாரயாச்சும் தொலச்சிட்டீங்களா மேடம்?" என்று பெண் போலீஸ் கேட்டாள். "மைக்ல சொல்லட்டுமா?"

"இல்லம்மா. அனுப்பி வெச்சிருக்கேன்."

போனை எடுத்தாள். டவர் இல்லை. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஓடினாள், அங்கேயும் இல்லை. ஐஸ் கம்பெனி மாடியில் ஏறலாம் என்று போனாள், பூட்டியிருந்தது. திரும்ப வளைவுக்கு வந்தாள்.

தேர் கிளம்பியது. வடம் அவள் நின்ற தெருவழியாகத்தான் வந்தது. கூட்டம் தள்ளியதில் அவள் கையும் வடத்தில் பட்டது. இழுத்தாளா என்று சொல்ல முடியாது, கூடவே போனாள். தேரை நோக்கி வீசிய உப்பும் மிளகும் தலைமேல் விழுந்தன. பக்கத்தில் ஒரு கிழவர் அழுதுகொண்டே இழுத்தார். அவள் இன்னொரு கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் வந்தவன் செல்ஃபி எடுக்கிறாள் என்று நினைத்துத் தன் முகத்தையும் நீட்டினான்.

கடைசியில் தையலம்மாள் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு இடம் காட்டினாள். அங்கே ஒரு கோடு டவர் வந்தது. முதலில் கிடைத்தது ஏகநாதன். விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்கயேவா? ஒரே எடத்துலயா? அந்த பூசாரி போன் நம்பர் குடு, நானே பேசி நன்றி சொல்றேன்."

"வெச்சுடுங்க. லைன் போயிடும்."

அப்புறம் தங்கராசு. பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"வந்துட்டா மேடம். பத்தே காலுக்கே வந்துட்டா. இப்ப மைக்ராஸ்கோப்ல ரத்த ஸ்மியர் பாத்துட்டு இருக்கா."

"ரத்தம்?"

"ரெண்டாவது குத்துல கெடைச்சுது. ரஞ்சனி கத்தல. நல்ல பொண்ணு."

வைஜெயந்தி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"கௌதம்?"

"..."

"தங்கராசு? கேக்குதா?"

"கேக்குது மேடம். அவன் போயிட்டான்."

"எங்க போயிட்டான்?"

"என் கையில மூணு தடவ குத்தினான். வரல. உங்களக் கேட்டான். வரமாட்டாங்கன்னு சொன்னேன். ட்ரேய அப்படியே வெச்சிட்டுப் படியெறங்கிட்டான். ஹரிஹரன் சாரே கூப்பிட்டாரு, நிக்கல."

"நீ பின்னாடியே போவக் கூடாதா?"

"என் கையில பஞ்சு வெச்சு அமுக்கிட்டு இருந்தேன் மேடம்."

லைன் அறுந்தது. அவள் எழுந்து நின்றாள். தொட்டி மேலிருந்து வளைவு தெரிந்தது, அதற்கு அப்பால் சாலை, சாலை முழுக்கத் தலைகள். படியில் இறங்கி வளைவு வரைக்கும் வேகமாக நடந்தாள். நின்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் அனுப்பிரியா வந்தாள். ஸ்கூட்டரின் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது.

"வுழுந்தியா?"

"நான் வுழல மேடம். வண்டிதான். ஸ்டாண்டு சரியா போடல."

"சார் இன்னா சொன்னாரு?"

"உங்க பிரின்சிபால் எங்கன்னு கேட்டாரு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது சார்னு சொன்னேன். அவங்க மேல எதுனா கேஸான்னு கேட்டாரு." அனுப்பிரியா சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். "ரத்தச் செல்லுங்கள ஒழுங்கா எண்ணிச் சொன்னேன். போம்மா, பாஸ்தான்னு சொன்னாரு."

தையலம்மாள் மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் வைத்தாள். உள்ளே போய்த் தட்டில் கற்பூரம் கொண்டுவந்தாள். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"மேடம், கௌதம்…" என்றாள் அனுப்பிரியா.

"தெரியும்."

"ஒரு மாசமா உங்க கையிலதான பழகினான். வேற கை எப்படி மேடம் வரும்?"

வைஜெயந்தி உடைந்த கண்ணாடியின் திருகைக் கையால் சுற்றிக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை.

*

மறுநாள் சனிக்கிழமை. வைஜெயந்தி தையலம்மாள் வீட்டில் எழுந்து, அவளுடைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தெருவைப் பஞ்சாயத்து ஆட்கள் பெருக்கினார்கள். படகுகள் கடலுக்குப் போகவில்லை. காலையில் கௌதமுக்கு நாலு தடவை போன் செய்தாள், அணைத்து வைத்திருந்தான். தங்கராசுவைச் சுத்துக்கேணிக்குப் போகச் சொன்னாள். அவர் தன் பைக்கில் போனார். கௌதம் நடவு வயலில் இருந்தான். நவம்பரில் எழுத விருப்பமில்லை, திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை அங்கே போகிறேன் என்றானாம். தங்கராசு போனை அவனிடம் கொடுத்தார். அவன் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காப்பு அவிழ்த்ததும் தானே வருவதாக அவனிடம் சொல்லச் சொன்னாள். தங்கராசு சொன்னார். அவன் கேட்டுவிட்டு அடுத்த நாற்றுக்கட்டைக் கையில் எடுத்தான். தேர்வு நாளில் முதல்வர் மையத்தில் இல்லாததற்கு விளக்கம் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மதியம் மெயில் வந்தது. அனுப்பிரியா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. தங்கராசு மதகடிப்பட்டுக்குத் திரும்பி, ஸ்லைடுகளைக் கழுவி வைத்து, லேபைப் பூட்டினார்.